காலே அரைக்கால் அடி

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் தாமிரபரணியின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். காவிரியோடு வைத்துப் பார்த்தால் சின்ன ஆறுதான். ஆனால் வானம் தோண்டுகிறவர்களைக் கேட்டால், இந்தச் சிறு தூரத்துக்குள் எத்தனை வகை மண் இருக்கிறது என்று வரிசையாகச் சொல்வார்கள். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வயலை ஒட்டிய களி. பாளையங்கோட்டையில் கடப்பாரையைத் தெறிக்க வைக்கும் செஞ்சரள். வடக்கே கயத்தாறு தாண்டினால் கரிசல். தெற்கே சாத்தான்குளம், உடன்குடிப் பக்கம் போனால் பிடிக்குள் நிற்காத தேரி மணல். ஒரே வரைபடத்தை வைத்து நான்கு இடத்திலும் ஒரே அளவில் வீடு கட்டினாலும், அஸ்திவாரம் வாங்கிக்கொள்ளும் கான்கிரீட் நான்கு இடத்திலும் நான்கு கணக்காகத்தான் வரும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத ஒரு கொத்தனார்.

எண்பதுகளின் நடுவில் சிவில் டிப்ளமோ முடித்த கையோடு பாளையங்கோட்டையில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் சைட் பார்க்கச் சேர்ந்தேன். பாலிடெக்னிக்கில் படித்ததெல்லாம் மீட்டர், கனமீட்டர். சைட்டில் அந்தப் பேச்சே கிடையாது. நீளம் அகலம் அடியில், கனம் இஞ்சில், மணலும் ஜல்லியும் யூனிட்டில். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. ஒரு கனமீட்டருக்கு 35.3 கன அடி என்று மனசுக்குள் பெருக்கிக்கொண்டு நான் நிற்பதற்குள், நிமிந்தாளும் சித்தாளும் தங்களுக்கு வேண்டியதை யூனிட்டில் சொல்லி முடித்துவிடுவார்கள்.

எல்லோரும் அவரைப் ‘பெரிய கொத்தனார்’ என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அப்பா செங்கல்லும் சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்து மட்டப்பா போட்ட காலத்துக் கொத்தனார். மகனுக்கு அவர் கரண்டியோடு சேர்த்து வாய்ப்பாட்டையும் கொடுத்திருந்தார். கால், அரை, முக்கால் மட்டுமல்ல. அரைக்கால், வீசம் வரைக்கும் அத்துப்படி. அந்தக் கீழ்வாய்க் கணக்கு அடிக்கும் இஞ்சுக்கும் எப்படிப் பொருந்துகிறது என்பதை அவரிடம்தான் பார்த்தேன். மூன்று இஞ்ச் என்றால் கால் அடி. ஒன்றரை இஞ்ச் என்றால் அரைக்கால் அடி. முக்கால் இஞ்ச் என்றால் வீசம். ஒன்பது இஞ்ச் முக்கால். நாலரை இஞ்ச் காலே அரைக்கால்.

அப்போது சின்ன வீடுகளுக்குத் தளம் நாலரை இஞ்ச் போடுவார்கள். 20 அடிக்கு 30 அடி வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு 600 சதுர அடி. நான் நாலரையைப் பன்னிரண்டால் வகுத்து, வந்த தசமத்தை 600-ஆல் பெருக்கத் தாளைத் தேடுவேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொல்லுவார்: “அறுநூத்துல கால் நூத்தம்பது. அதுல பாதி எழுபத்தஞ்சு. ரெண்டேகால் யூனிட்டு தம்பி.” 225 கன அடி. ஒரு சொட்டுத் தவறு இருக்காது. அதோடு நிறுத்தவும் மாட்டார். “அரை இஞ்சு கூடுனா இருபத்தஞ்சு அடி கூடும், அதையும் எழுதி வச்சுக்கிடுங்க” என்பார். அந்த இருபத்தைந்து அடி எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

கன அடி கிடைத்த பிறகு சாமான் கணக்கு. கலவை சேர்ந்து இறுகியபின் 100 கன அடி வரவேண்டுமென்றால், கலப்பதற்கு முன் சிமெண்ட், மணல், ஜல்லி மூன்றையும் கூட்டினால் ஏறத்தாழ 154 கன அடி இருக்க வேண்டும். ஜல்லிக்கு இடையில் உள்ள சந்தில் மணல் போய் உட்காரும். மணலுக்கு இடையில் உள்ள சந்தில் சிமெண்ட் உட்காரும். ஒரு படி பொரிகடலையில் கால்படி சீனியைக் கொட்டினால் படி வழியாது அல்லவா, அதே கதைதான். பாடப்புத்தகத்தில் இது 1.54 என்ற ஒற்றை எண்ணாக இருந்தது. பெரிய கொத்தனாரிடம் அது 1:2:4 கலவைக்கான மூன்று எண்களாக இருந்தது: ஒரு யூனிட் கான்கிரீட்டுக்கு ஜல்லி தொண்ணூறு, மணல் நாற்பத்தைந்து, சிமெண்ட் பதினெட்டு மூட்டை. 154-ஐ ஏழு பங்காக்கிப் பார்த்தால் ஜல்லி 88, மணல் 44, சிமெண்ட் 22 கன அடி வருகிறது. ஐம்பது கிலோ மூட்டை ஒன்று ஒன்றேகால் கன அடிக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் 22 கன அடிக்குப் பதினெட்டு மூட்டை. சிந்துவது சிதறுவதற்கு ஒன்றிரண்டு அடி சேர்த்து, வாயில் நிற்கும்படி எண்ணை உருட்டி வைத்திருந்தார்கள் அந்தக் காலத்துக் கொத்தனார்கள்.

இந்தக் கறார்க் கணக்குக்குப் பின்னால் ஒரு பஞ்சத்தின் வரலாறு உண்டு. திருநெல்வேலிக்காரர்களுக்குச் சிமெண்ட் வீட்டுப் பக்கத்துச் சரக்கு. ஊருக்கு வடக்கே தாழையூத்தில், சங்கர் நகரில், இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை 1949-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. 1946-ல் எஸ்.என்.என். சங்கரலிங்க ஐயரும் டி.எஸ். நாராயணசுவாமியும் தொடங்கிய நிறுவனம் அது. புகைபோக்கி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தாலும் நினைத்தபோது நாலு மூட்டை வாங்கிவிட முடியாது. சிமெண்ட் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தது. 1982-ல் பாதி தளர்ந்து, 1989-ல்தான் கட்டுப்பாடு முழுதாக நீங்கியது. கட்டுப்பாடு தளர்வதற்கு முன்பு வீடு கட்டுகிறவர் பெர்மிட்டுக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டும். எத்தனை மூட்டை என்று எழுதுவதற்கு முதலில் சரியான கணக்கு வேண்டும். குறைத்து எழுதினால் வேலை பாதியில் நிற்கும். மறுபடி எழுதிப்போட்டு வருவதற்குள் மழைக்காலம் வந்துவிடும். கூட்டி எழுதினால் கேட்டதைக் கொடுக்க மாட்டார்கள். பெரிய கொத்தனாரின் எண்கள் அந்தக் காலத்தில் இழைத்து இழைத்துச் சீரானவை. நான் சேர்ந்தபோது சிமெண்ட் ஓரளவு கைக்கு எட்டத் தொடங்கியிருந்தது. அவருடைய கறார் மட்டும் தளரவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுக்குத் தூண் அஸ்திவாரம் போட்டபோதுதான் அவர் என்னைக் குழிக்குள் இறக்கினார். பன்னிரண்டு குழி. ஒவ்வொன்றும் ஐந்தடிக்கு ஐந்தடி. அடியில் நாலு இஞ்ச் கனத்துக்கு ஒன்றரை இஞ்ச் ஜல்லி போட்டு 1:4:8 கலவையில் பிசிசி, அதாவது கம்பி இல்லாத கான்கிரீட். கணக்கு தெளிவாக வந்தது: ஒரு குழிக்கு எட்டே மூன்றில் ஒரு கன அடி, பன்னிரண்டுக்கும் சேர்த்துச் சரியாக 100 கன அடி, ஒரு யூனிட். சிமெண்ட் பத்து மூட்டை போதும். நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டேன்.

“தாள்ல உள்ளதத் தாள்ல வச்சுக்கிடுங்க. இங்கன இறங்கிப் பாருங்க” என்று டேப்பை என் கையில் கொடுத்தார். மேலே நூல் கட்டியிருந்தது. நூலிலிருந்து நான்கு மூலையிலும் நடுவிலும் ஆழம் எடுக்கச் சொன்னார். சரள் மண்ணை மண்வெட்டியால் சீவ முடியாது. கடப்பாரை போட்டால் வேண்டிய இடத்தில் நிற்காமல் கட்டி கட்டியாகப் பெயர்ந்து வரும். ஒரு மூலை சரியாக இருந்தது. அடுத்தது ஒரு இஞ்ச் கீழே. நடுவில் மூன்று இஞ்ச் பள்ளம். ஐந்து அளவையும் கூட்டி ஐந்தால் வகுத்தால், வரைபடத்தில் உள்ளதைவிடக் குழி சராசரியாக இரண்டு இஞ்ச் ஆழம் கூடுதல். 25 சதுர அடியில் இரண்டு இஞ்ச் என்றால் நாலு கன அடிக்கு மேல். எல்லாக் குழியும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. பன்னிரண்டு குழிக்கும் 50 கன அடி. நான் அடிக்கோடு போட்ட ஒரு யூனிட், மண்ணுக்குள் ஒன்றரை யூனிட் ஆகிவிட்டது. அவர் அதற்காக அலட்டிக்கொள்ளவில்லை. சீவக்கூடிய மேட்டைச் சீவச் சொன்னார். தோண்டிய பள்ளத்தை மண் போட்டு நிரப்பக் கூடாது என்று நிமிந்தாளிடம் கண்டிப்பாகச் சொன்னார். கிளறிய மண் கெட்டி ஆகாது. பள்ளத்தைக் கான்கிரீட்டால்தான் நிரப்ப வேண்டும். அதற்கான சிமெண்டும் ஜல்லியும் அன்று மாலையே வந்து இறங்கின.

பிசிசிக்கு மேல் புட்டிங், தூணின் அடிப்பாதம். நாலுக்கு நாலு அடி. கீழே ஒன்பது இஞ்ச் நேர்க்கட்டி, அதற்கு மேல் ஒன்பது இஞ்ச் உயரத்துக்கு நான்கு பக்கமும் சரிந்து உச்சியில் ஒன்றுக்கு ஒன்று அடியாகக் குறுகும். நேர்க்கட்டி 12 கன அடி, அதில் சிக்கல் இல்லை. சரிவில்தான் ஆளுக்கொரு கணக்கு. கீழே 16 சதுர அடி, மேலே 1 சதுர அடி, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி உயரத்தால் பெருக்கினால் 6.375 என்று வரும். பல சைட்டுகளில் இப்படித்தான் போட்டார்கள், இன்றும் போடுகிறார்கள். சரியான வழி வேறு. கீழ்ப்பரப்பு, மேல்பரப்பு, இரண்டையும் பெருக்கியதன் வர்க்கமூலம், மூன்றையும் கூட்டி உயரத்தின் மூன்றில் ஒரு பங்கால் பெருக்க வேண்டும். 16, 1, 4, கூட்டினால் 21. முக்கால் அடியில் மூன்றில் ஒன்று கால் அடி. 21-ல் கால் 5¼. ஒரு புட்டிங்குக்கு ஒரு கன அடிக்கு மேல் வித்தியாசம். பன்னிரண்டுக்கும் 13½ கன அடி. இது நான் படித்து வந்த கணக்கு. பெரிய கொத்தனாரிடம் சொன்னபோது, மூன்று எண்ணையும் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அடுத்த சைட்டில் யாரும் கேட்காமலே “கீழது, மேலது, நடுவால உள்ளது” என்று அவரே போட்டார். எண்ணில் தனக்குத் தெரியாதது ஒன்றைக் கேட்டுக்கொள்ள அந்த வயதிலும் அவர் தயங்கியதில்லை.

அதே புட்டிங்கைக் கரிசலில் போட்டால் கணக்கு மாறிவிடும். கரிசல் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அந்த ஆட்டம் அடங்குகிற ஆழத்துக்குக் கீழே, கெட்டியான சுக்கானோ சரளோ தட்டுகிற வரை போக வேண்டும். குழி ஆழமானால் புட்டிங்கின் அளவு கூடாது. அதன்மேல் தரை வரைக்கும் எழும் தூணின் உயரம் கூடும். ஒன்பது இஞ்ச் சதுரத் தூண் பன்னிரண்டுக்கும் மூன்றடி கூடினால் 20 கன அடி. தேரியில் தொல்லை பக்கவாட்டில். காலையில் தோண்டிய ஐந்தடிக் குழி வெயில் ஏறிக் காய்ந்ததும் சரிந்து ஏழடியாகி நிற்கும். பலகை அடைக்காமல் கொட்டினால் கான்கிரீட் போகிற இடம் தெரியாது. ஆற்றோரக் களியில் ஊற்று. நீரை இறைத்துவிட்டுத்தான் கொட்ட வேண்டும். தண்ணீருக்குள் கொட்டினால் சிமெண்ட் கழுவிக்கொண்டு போய் ஜல்லி தனியாகக் கிடக்கும். வரைபடம் போட்டவர் இதையெல்லாம் கோடாகக் காட்ட முடியாது. மண்ணைப் பார்த்தவர்தான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தளத்துக்கு வந்தால் குழியின் இடத்தைச் செண்ட்ரிங், அதாவது கலவையைத் தாங்கும் பலகையும் முட்டும், பிடித்துக்கொள்கிறது. கம்பி கட்டுவதற்கு முன்பே அவர் பலகைமேல் குறுக்கும் நெடுக்கும் நூல் பிடித்து, நூலுக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளியை இடம் இடமாக அளப்பார். முட்டு கொஞ்சம் மண்ணில் இறங்கியிருக்கும். பலகை நடுவில் தொய்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத அரை இஞ்ச். அவர் முன்பு சொன்ன இருபத்தைந்து கன அடி இங்கேதான் வருகிறது. ஒரு கன அடிக் கான்கிரீட் 70 கிலோ எடை. வீடு முழுக்க அரை இஞ்ச் தொய்வு என்றால் நாலைந்து மூட்டை சிமெண்ட் மட்டும் போவதில்லை. தேவையில்லாத ஒன்றேமுக்கால் டன் சுமை வீட்டின் தலையில் ஆயுளுக்கும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. முட்டுக்கு அடியில் பலகைத் துண்டைக் கொடுத்து ஆப்பு அடித்து, தொய்வை ஏற்றிய பிறகுதான் கம்பிக்காரரைக் கூப்பிடுவார்.

பீம் விஷயத்தில் எதிர்ப்பக்கமாகக் கவனம் வேண்டும். பீமின் ஆழம் 15 இஞ்ச் என்று வரைபடம் சொல்லும். அதில் மேலே உள்ள 5 இஞ்ச் தளத்தின் கனத்திலேயே வந்துவிட்டது. தனியாக எடுக்க வேண்டியது 10 இஞ்ச்தான். ஒன்பது இஞ்ச் அகலத்தில் நூறடி பீம் உள்ள வீட்டுக்கு இந்த ஒரு கழித்தலை மறந்தால் 31 கன அடி கூடுதலாக இறங்கும். குளியலறையின் தாழ்ந்த தளம், படிக்கட்டின் சாய்வுப் பலகம், படிகளின் முக்கோணம், சன்ஷேடு, தட்டட்டியின் கைப்பிடிச் சுவருக்கு அடியில் ஓடும் கட்டை: இவை ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக நோட்டில் ஏறும். மொத்தமாக ‘இவ்வளவு சதுர அடி வீட்டுக்கு இத்தனை மூட்டை’ என்று யாராவது சொன்னால் பெரிய கொத்தனார் காது கொடுக்க மாட்டார்.

சேரன்மகாதேவியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீடு. ஐந்து இஞ்ச் கனத்தில் 250 கன அடித் தளம். ஐப்பசி பிறந்துவிட்டது. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. தளம் போடுவதற்கு முதல் நாள் மாலை சாமானெல்லாம் கணக்குப்படி இறங்கியாகிவிட்டது. மணல் 110 கன அடி. பெரிய கொத்தனார் மணல் குவியலில் கையை விட்டுப் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒரு காலி பெயிண்ட் டின்னைக் கேட்டு வாங்கினார். வாளி மேலே விரிந்திருக்கும், அளவு பொய்த்துவிடும். டின் மேலும் கீழும் ஒரே அகலம். அதில் ஈர மணலை அழுத்தாமல் அள்ளிப் போட்டு, மட்டமாகத் தட்டி, ஸ்கேலை விட்டு அளந்தார். எட்டு இஞ்ச். மணலை ஒரு சாக்கில் கொட்டினார். டின்னில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, அதே மணலைச் சிறிது சிறிதாக உள்ளே போட்டுக் கம்பியால் குத்திக் குத்திக் கிளறினார். காற்றுக்குமிழ் வந்து நின்றதும் மறுபடி அளந்தார். ஆறரை இஞ்ச்.

“ஐயா, பாத்தீங்கல்லா? எட்டு இருந்தது ஆறரை ஆயிட்டு. மழை குடிச்ச மணல் உப்பிக் கெடக்கு. நூத்திப்பத்து அடின்னு நீங்க வாங்குனது நெசத்துல தொண்ணூறுதான்” என்று வாத்தியாரிடம் சொன்னார். வாத்தியார் கணக்கு நடத்தியவர். ஒன்றரையை ஆறரையால் வகுத்துப் பார்த்து, “நூத்துக்கு இருபத்திமூணு” என்றார். ஈரம் மணல் துகள்களைச் சுற்றிப் படலமாக நின்று ஒன்றையொன்று விலக்கிவிடுகிறது. முழுக்க நனைந்து தண்ணீரில் மூழ்கினால் உப்பல் அடங்கிவிடும். பெட்டியால் அளந்து போடும்போது இதைக் கணக்கில் எடுக்காவிட்டால், ஒவ்வொரு கலவையிலும் மணல் குறையும். அதனால் கலவையும் குறையும். தளம் முடிவதற்குள் சிமெண்ட் முடிந்துவிடும். அப்போது அவசரத்துக்கு என்ன செய்வார்கள் என்பது தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும். கடைசி மூலைக்குச் சிமெண்டைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். ஒழுகுகிற மூலை அந்த மூலைதான். அன்று இரவோடு இரவாக 25 கன அடி மணல் கூடுதலாக வந்தது. மறுநாள் மணல் பெட்டிக்கு உயரம் ஏற்றிக்கட்டிக் கலவை ஓடியது. விளக்கு வைப்பதற்குள் தளம் சுவர் தொட்டு முடிந்தது. மிச்சம் இருந்தது ஒரு மூட்டைக்கும் குறைவு.

லாரியையும் அவர் அப்படித்தான் வாங்கிக்கொள்வார். இரண்டு யூனிட் ஜல்லி என்று சொல்லி ஒரு லோடு வரும். டிரைவரிடம் வாக்குவாதம் எதுவும் கிடையாது. ஏறி உள்ளே நின்று பாடியின் நீளம் 12, அகலம் 7 என்று எடுப்பார். கம்பியை நடுவிலும் நான்கு மூலையிலும் அடிப்பலகை தட்டும்வரை இறக்குவார். நடுவில் இரண்டரை அடி குவிந்திருக்கும், மூலைகளில் இரண்டுக்கும் குறைவு. சராசரி இரண்டு அடி. 168 கன அடி. அந்த எண்ணை டிரைவரிடமே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறக்கச் சொல்வார். அந்த எண்ணுக்கு உள்ள பணம்தான் போகும்.

அவர் இப்போது இல்லை. அவருடைய எண்களில் ஒன்றை நான் மாற்ற வேண்டி வந்தது. ஐஎஸ் 456 என்ற இந்தியத் தர விதியை 2000-ல் திருத்தியபோது, கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சம் எம்20 தரம் வேண்டும் என்று வைத்தார்கள். சைட் மொழியில் அது 1:1½:3. 154-ஐ ஐந்தரை பங்காக்கினால் சிமெண்ட் 28, மணல் 42, ஜல்லி 84. யூனிட்டுக்கு 23 மூட்டை. பதினெட்டுக்கும் இருபத்திமூன்றுக்கும் நடுவில் ஐந்து மூட்டை இடைவெளி. இன்னும் நம் ஊர்களில் பதினெட்டு மூட்டைக் கணக்கை அப்பா சொன்னார், மாமா சொன்னார் என்று வைத்துக்கொண்டு தளம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பதினெட்டு அந்தக் காலத்து 1:2:4-க்குச் சரி. இன்றைக்கு அதைச் சொல்லுகிறவர் பெரியவர்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு வீட்டைப் பலவீனமாக்குகிறார். பெரிய கொத்தனார் இருந்திருந்தால் 28, 42, 84 என்று மறுநாளே மனப்பாடம் செய்திருப்பார்.

இந்தக் கணக்கு எல்லாவற்றிலும் எனக்கு மனம் கனக்கிற இடம் மணல். 20-க்கு 30 வீட்டின் ஐந்து இஞ்ச் தளத்துக்கு இந்தக் கலவையில் 105 கன அடி மணல் வேண்டும். ஒரு யூனிட்டுக்கும் சற்று அதிகம். தளத்துக்கு மட்டும் இவ்வளவு. கட்டுவேலைக்கும் பூச்சுக்கும் அதைவிட எத்தனையோ மடங்கு. ஒரு காலத்தில் அத்தனையும் தாமிரபரணியிலிருந்து வந்தது. மாட்டுவண்டி போய் லாரி வந்தது, லாரியோடு இயந்திரம் ஆற்றுக்குள் இறங்கியது. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த தோழர் நல்லகண்ணு இதை எதிர்த்து வழக்குப் போட்டார்; 2010-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. எண்பத்தைந்தை நெருங்கும் வயதில் அவர் செய்த அந்தக் காரியத்துக்கு இந்தப் பள்ளத்தாக்கில் வீடு கட்டிய ஒவ்வொருவரும் கடன்பட்டிருக்கிறோம். தெருவோரம் மிஞ்சிக் கிடந்து மழையில் சாக்கடைக்குள் போன மணல் குவியல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ‘எதுக்கும் ஒரு லோடு கூடவே கிடக்கட்டும்’ என்று சொன்ன ஒவ்வொருவரும் ஆற்றிலிருந்து ஒரு லோடு கூடுதலாக எடுத்தவர்கள்தான்.

இப்போது எம்-சாண்ட். கருங்கல்லை உடைத்து அரைத்த மணல். துகள் முனை கொண்டது, தூசும் அதிகம். ஆற்று மணலைப் போல வழுக்கிக்கொண்டு உட்காராது. கலவை இறுக்கமாக இருக்கிறதே என்று ஆட்கள் குழாயைத் திறந்துவிடுவார்கள். எம்20 கலவைக்கு மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்று ஐஎஸ் 456-ன் 2000 திருத்தம் சொல்கிறது. மணலும் ஜல்லியும் ஈரமாக இருந்தால் அதிலுள்ள தண்ணீரை அந்த முப்பதிலிருந்து கழிக்க வேண்டும். கன அளவு சரியாக வந்து தண்ணீர் கூடிப்போனால் கணக்கு ஜெயித்து வீடு தோற்கும்.

ரெடிமிக்ஸ் வாங்குகிறவர்கள் கணக்கு தேவையில்லை என்று நினைக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இன்னும் கூடுதலாகத் தேவை. 250 கன அடி என்பது 7.08 கனமீட்டர். ரெடிமிக்ஸ் ஈரக் கலவையாகவே அளந்து வருகிறது, அதற்கு 1.54 பெருக்கல் கிடையாது. உலர் சாமானுக்கான பெருக்கலை இதற்கும் போட்டுப் பதினொரு கனமீட்டர் சொல்லப்போனவர்களை நான் தடுத்திருக்கிறேன். இன்னொரு பக்கம், ஏழுதான் என்று சொல்லிவிட்டு, செண்ட்ரிங் தொய்வை அளக்காததால் அரை கனமீட்டருக்கு இன்னொரு வண்டி கேட்டுத் தவித்தவர்களும் உண்டு. அந்த வண்டி வருவதற்குள் முதலில் கொட்டியது இறுகத் தொடங்கிவிடும். புதியதும் பழையதும் ஒட்டாத கோடு தளத்தின் குறுக்கே நிலைத்துவிடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தை இந்தப் பகுதியில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தண்ணீர் வடிந்த பிறகு ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் உறவுக்காரர்கள் வீடுகளைப் பார்க்கப் போனேன். மண் அரித்துப்போய்ப் பல வீடுகளில் அஸ்திவாரம் வெளியே தெரிந்தது. இந்தத் தொழிலில் மூடிய பிறகு மறுபடி பார்க்கக் கிடைக்காத இடம் அது. ஒரு வீட்டில் பிசிசி நாலு பக்கமும் ஒரே கனத்தில், ஓரம் மழுங்காமல் நின்றது. கொஞ்சம் தள்ளி இன்னொன்றில் ஒரு மூலையில் ஐந்து இஞ்ச், எதிர் மூலையில் இரண்டு இஞ்ச். ஜல்லி தனித்தனியாகத் தெரிந்தது, கையால் இழுத்தால் பெயர்ந்து வந்தது. இரண்டுக்கும் வரைபடத்தில் ஒரே நாலு இஞ்ச்தான் போட்டிருப்பார்கள். முதல் வீட்டில் யாரோ டேப்போடு குழிக்குள் இறங்கியிருக்கிறார்கள். இரண்டாவதில் யாரும் இறங்கவில்லை.

வீடு கட்டுகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். கான்கிரீட் போடுவதற்கு முதல் நாள் மாலை நீங்களே டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு குழியிலும் நான்கு மூலையும் நடுவும் ஆழம் எடுங்கள்; தளமென்றால் நூல் பிடித்துப் பலகையை அளந்து பாருங்கள். மழைக்காலமாக இருந்தால் ஒரு டின்னில் மணலைச் சோதித்துப் பாருங்கள். என்ன கலவை, எத்தனை கன அடி, எத்தனை மூட்டை என்று வரிவரியாக எழுதி வாங்குங்கள். சிந்துவதற்கு நூற்றுக்கு நாலைந்து சேர்த்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். எழுதிய தாளையும் அளந்த அளவையும் ஒத்துப் பார்த்த பிறகு லாரிக்குச் சொல்லுங்கள். இதற்கு ஒரு மணி நேரம் போதும். எழுபது எண்பது ஆண்டு குடியிருக்கப்போகிற வீட்டுக்கு அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுங்கள்.